அந்த மூன்று விழுக்காட்டில் என் அம்மா இருக்கிறார்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கணினி ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர்களுக்கும், முனைவர் பட்ட ஆய்வுக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அம்மா முப்பது வருடமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறார். கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். பூசினாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரியும். அம்மாவின் வலது கட்டைவிரலைத் தொட்டால் வழவழவென்று இருக்கும்.

எம்.சி.ஏ. கடைசி வருடம் நான் எடுத்த ப்ராஜெக்ட் கைரேகை ஒப்பீடு. ஹாஸ்டல் தோழிகள் நாற்பது பேரிடம் ரேகை வாங்கினேன், இணையத்தில் கிடைத்த பொதுத் தரவையும் சேர்த்துக்கொண்டேன். 97 விழுக்காடு துல்லியம் வந்தது. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் எல்லோரும் பாராட்டினார்கள். மீதி மூன்று விழுக்காடு யார் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து வளர்ந்த எனக்கும் அது தோன்றவில்லை. உங்களைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஒரு மாதம் அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். கட்டைவிரலை வைத்தார், ரேகை விழவில்லை. சேலையில் துடைத்துவிட்டு வைத்தார். தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தார். பில் போடுகிறவர் பொறுமையான மனிதர், ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார். பத்தும் விழவில்லை. சரி, ஓ.டி.பி. போடலாம் என்றார். அந்த நம்பர் திருப்பூரில் ஷிஃப்டில் இருக்கும் என் தம்பியுடையது, அவன் போனை எடுக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. “நானேதான் வந்து நிக்கிறேன், இதுக்கு மேல இன்னும் என்ன வேணும்?” என்றார் அம்மா. அந்தக் கேள்விக்கு என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் எண்பது பக்கத்திலும் பதில் இல்லை.

அன்று இரவு பழைய தரவை எடுத்துப் பார்த்தேன். கைரேகை ஆய்வில் உலகமெங்கும் பயன்படும் தரவுகளில் ஒன்று எஃப்.வி.சி. 2004. இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்த 90 மாணவர்கள் அதற்கு விரல் கொடுத்தார்கள். சராசரி வயது 24. சோதனை கடினமாக இருக்கட்டும் என்று விரலை ஈரமாக்கியும் காயவைத்தும் அழுத்தித் திருகியும் பதிந்திருக்கிறார்கள். அக்கறையான வேலைதான். ஆனால் ஈரமாக்கினாலும் அது மாணவர் விரல்தானே? அதில் சுண்ணாம்புக் கை இல்லை, செங்கல் சூளைக் கை இல்லை, எழுபது வயதுக் கை இல்லை.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். நூற்றுக்கு மூன்று தவறு என்றால், இந்த மாதம் யாரோ மூன்று பேர், அடுத்த மாதம் வேறு மூன்று பேர் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடப்பதில்லை. ரேகை தேய்ந்தவருக்கு இந்த மாதமும் விழாது, அடுத்த மாதமும் விழாது. மொத்தக் கணக்கில் சிறியதாகத் தெரியும் தவறு முழுவதும் அதே ஆட்களின் தலையில்தான் விழுகிறது. சராசரியை மட்டும் போட்டால் இது கண்ணுக்கே தெரியாது. 2018இல் ஆதார் வழக்கு நடந்தபோது, அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு 88 விழுக்காடு வெற்றி பெறுவதாக ஆதார் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மீதி 12இல் எத்தனை பேர் மாதாமாதம் அதே ஆட்கள்? என் கவலையெல்லாம் அந்தக் கேள்வியில்தான்.

பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. அதுவரை சராசரி அதை மூடி வைத்திருந்தது. வெளியே சொன்ன பிறகு அந்த நிறுவனங்கள் தவறைக் குறைத்தன. குறைக்க முடிந்த தவறுதான் அது.

‘நாங்கள் அல்காரிதம்தான் செய்கிறோம், பயன்படுத்துவது வேறு யாரோ’ என்று நம் துறையில் அடிக்கடி சொல்கிறோம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2014இல் எட்டு கேமராக்கள் வைத்து வளாகத்தில் நடந்துபோன 2,000க்கும் மேற்பட்டவர்களைப் படம்பிடித்து ஆய்வுத் தரவாக்கினார்கள். கண்காணிப்புத் தொழில்நுட்பம் செய்கிறவர்கள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2019இல் தரவை விலக்கிக்கொண்டார்கள், திரட்டிய பேராசிரியர் மாணவர் நாளிதழில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஆனால் பிரதிகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. நம் கல்லூரிகளில் வருகைப்பதிவுக்கு என்று மாணவர் முகங்களைத் திரட்டும் ப்ராஜெக்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. பென்டிரைவில் போன முகத்தை யார் திருப்பி வாங்குவது?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயமில்லை. ஒரு ஆய்வேடு உங்கள் மேசைக்கு வந்தால், தரவு யாருடைய உடம்பிலிருந்து வந்தது, என்ன வயது, என்ன வேலை, கேட்டு வாங்கினார்களா என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். துல்லியத்தோடு, திரும்பத் திரும்பத் தோற்பவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணையும் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் கூடும் நியூரிப்ஸ் மாநாடு 2020இல் சமூக விளைவைப் பற்றி எழுதாமல் கட்டுரை அனுப்பக் கூடாது என்று விதி வைத்தது. பலர் பேருக்கு நாலு வரி எழுதியிருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டியிருக்கும். நம் பல்கலைக்கழகங்களில் அதைச் செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், இதற்குத்தான் தயங்குவீர்கள். வைவாவில் ஒரு நாற்காலி கூடப் போடுங்கள். கைரேகை ஆய்வென்றால் ஒரு ரேஷன் கடை விற்பனையாளர் அதில் உட்காரட்டும். எத்தனை விரல் விழாது, விழாதவர் எப்படித் திரும்பிப் போகிறார் என்று அவருக்குத் தெரியும். ஆய்வு மாணவர் அவருக்குப் புரிகிற தமிழில் பதில் சொல்லட்டும்.

சித்திரையில் எங்கள் ஊரில் முந்திரி வேலை மும்முரமாக இருக்கும். உங்கள் மாணவர்களை ஸ்கேனரோடு அனுப்புங்கள். கேட்டு, சம்மதித்தால் மட்டும், அம்மாவும் தெருக்காரர்களும் விரல் வைப்பார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் போகும் கூலியை மட்டும் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் எம்.சி.ஏ. மாணவி