காசிமேடு மீன் லோடு வண்டிகளுக்குத் தடைக்காலத்திலேயே எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனை நடத்த வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
மீன் லோடு வண்டி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்
உயர்திரு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: மீன்பிடித் தடைக்காலத்தில் வட சென்னை மீன் லோடு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று சிறப்பு முகாம் நடத்தவும், தாமதக் கட்டணம் குறித்து ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கும் வானகரத்துக்கும் மீன் ஏற்றிச் செல்லும் குட்டியானை ஒன்று என்னிடம் இருக்கிறது. 11 ஆண்டுகளாக நானேதான் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு ஜூன் 17ஆம் தேதி விடியற்காலையில் அந்த வண்டி மோதி ஓர் இளைஞரின் கால் முறிந்தது. அன்றைக்கு வண்டிக்கு எஃப்.சி. முடிந்து 39 நாள் ஆகியிருந்தது. ஓட்டியவன் நான், தவறும் என்னுடையது. அது எப்படி நடந்தது என்று தாங்கள் அறிந்தால்தான் நான் எதைக் கேட்கிறேன் என்பது விளங்கும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

மீன் வண்டி மற்ற லோடு வண்டிகளைப் போன்றதல்ல, ஐயா. பெட்டியிலிருந்து உருகி வழியும் ஐஸ் தண்ணீர் உப்போடு கலந்து பலகை இடுக்கு வழியே இறங்கி சேஸிஸ் மேல் ஓடும். தினமும் ஓடும். எவ்வளவு கழுவினாலும் உள் மடிப்பில் தங்கியது தங்கியதுதான். போதாததற்கு எங்கள் பக்கம் வீசுவதே கடல் காற்று. சிமெண்டோ காய்கறியோ ஏற்றுகிற வண்டிக்குப் பல வருடத்தில் வருகிற துரு எங்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும். தரைத்தகடு ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் ஆயில் போகும் மெல்லிய இரும்புக் குழாய் அரித்துப் போவது கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் படுத்துப் பார்க்க வைப்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் எஃப்.சி. ஒன்றுதான்.

என் வண்டி 8 ஆண்டு தாண்டியது. அதற்குக் குறைந்த வயதுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை என்றால் எனக்கு ஆண்டுதோறும். சென்ற ஆண்டு என் தேதி மே 9. ஏப்ரல் 15ஆம் தேதியே தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் வரும் மீன் அங்கேயே விற்றுத் தீர்ந்துவிடும், எங்கள் வண்டி வரைக்கும் வராது. மீனவர் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு, அது அவர்களுக்குக் கிடைக்கத்தான் வேண்டும். அவர்கள் பிடித்த மீனைச் சுமக்கிற எங்களுக்கு அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லை.

எஃப்.சி.க்கு அரசுக் கட்டணம் பெரிய தொகையல்ல. வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் செலவு. டிங்கரிங், பெயிண்டிங், ஒளிரும் பட்டை, பிரேக் வேலை, டயர், புகைச் சான்று, இன்சூரன்ஸ், இவை எல்லாம் தயாரான பிறகே வண்டியைக் காட்ட முடியும். மே மாதம் என் கையில் அந்தப் பணம் இல்லை. வட்டிக்கு வாங்கப் பயந்தேன். தடை முடிந்து படகு வந்ததும் முதல் வாரச் சம்பாத்தியத்தில் வேலையை முடித்து வண்டியைக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். கதவில் பெயிண்டால் எழுதியிருந்த எஃப்.சி. தேதியைப் பார்த்துக்கொண்டேதான் அன்று வண்டியை எடுத்தேன்.

வானகரத்துக்கு லோடு. எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் கன்டெய்னர் லாரி வரிசை நின்றிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே இடப்பக்கம் ஒடித்தேன். இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை அந்தப் பக்கம் வந்தது எனக்குத் தெரியவில்லை. நானே ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். பிறகு வண்டியைச் சோதித்த ஆய்வாளர் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடித்திருப்பதைக் காட்டினார். மே 9க்குள் வண்டியை எஃப்.சி.க்குத் தயார் செய்திருந்தால் பிரேக் வேலை பார்க்கும் மெக்கானிக் அந்தக் குழாயை மாற்றியிருப்பார். இதை நினைக்காமல் நான் ஒருநாளும் தூங்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை தாங்கள் அறிந்த சட்டப்படியே நடந்தன. தகுதிச் சான்று இல்லாத லோடு வண்டியை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு பதிவு செய்யாத வண்டியாகவே கருதுகிறது. அதற்கு அபராதம் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. மறுமுறை என்றால் 10,000 வரை போகும், ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். நான் அபராதம் கட்டினேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் தர மறுத்துவிட்டார்கள். அடிபட்டவரின் இழப்பீட்டு வழக்கிலும், எஃப்.சி. இல்லாத வண்டிக்குத் தனக்குப் பொறுப்பில்லை என்று அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. தீர்ப்பாயம் அதை ஏற்றால், கம்பெனி அவருக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் வசூலிக்கலாம். அந்தத் தொகைக்கு என்னிடம் வண்டியைத் தவிர விற்க ஒன்றுமில்லை. ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவன் நான். எஃப்.சி. தேதி தாண்டினால் இன்சூரன்ஸ் காகிதமும் இப்படிக் கைவிடும் என்பது எங்கள் ஸ்டாண்டில் பலருக்கு இன்றைக்கும் தெரியாது. அபராதம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

மனம் பொறுக்காத இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஃப்.சி. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். ஜூலை 22ஆம் தேதி நான் பணம் கட்டியபோது 74 நாளுக்கு 3,700 ரூபாய் ஆனது. அதில் 36 நாள் வண்டி தடைக்காலத்தில் என் தெருமுனையில் அசையாமல் நின்றது. 19 நாள் காவல் நிலைய வாசலில் நின்றது. அந்த 19 நாளும் நான் கேட்டாலும் வண்டியைச் சோதனைக்கு எடுத்துப் போக முடிந்திருக்காது. ஓடாத வண்டிக்கும் ஓடுகிற வண்டிக்கும் ஒரே கணக்கு என்றால், கடன் ஏற ஏற இன்னும் தள்ளிப் போடத்தான் எங்கள் ஆட்களுக்குத் தோன்றும். தள்ளிப் போட்டுக்கொண்டே வண்டியை ஓட்டவும் செய்வார்கள். நான் செய்தது போல.

ஐயா, எஃப்.சி. சோதனையைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் கால் முறிந்த பிறகு அப்படிக் கேட்க எனக்கு வாய் இல்லை. எங்கள் வண்டிகள் சும்மா நிற்கும் அந்த 61 நாளில் சோதனையை எங்களிடம் கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். மே முதல் வாரத்தில் ஒருமுறையும் ஜூன் 10ஆம் தேதிக்குள் ஒருமுறையும் காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ முகாம் போட்டு, மோட்டார் வாகன ஆய்வாளர்கள் மீன் லோடு வண்டிகளைப் பார்க்க வேண்டும். முதல் முகாமில் வண்டிக்கு அடியில் பார்த்து இன்னின்ன வேலை பாக்கி என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டாவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு வருவோம். தடை நீங்கி முதல் படகு கரை சேரும்போது துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் பிரேக் பிடிக்கும்.

50 ரூபாய் கட்டணம் ஒன்றிய அரசின் விதியில் உள்ளது, அதைத் தாங்கள் நேரே மாற்ற இயலாது என்று சொன்னார்கள். தடைக்காலத்தில் நிறுத்தி வைத்த நாட்களையும் காவலில் இருந்த நாட்களையும் கணக்கில் சேர்க்காமல் விடும்படி அரசு வழியாகப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

அதே முகாமில் செல்போன் எண்ணையும் திருத்திக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். எங்களில் பாதிப் பேருக்கு மேல் பழைய வண்டி வாங்கியவர்கள். பதிவேட்டில் இருப்பது புரோக்கர் எண்ணோ முதல் உரிமையாளர் எண்ணோதான். எஃப்.சி. முடியப் போகிறது என்று குறுஞ்செய்தி வந்தாலும் யாரோ ஒருவருக்குத்தான் போகும்.

விபத்து வழக்கின் நகல், அபராத ரசீது, 3,700 ரூபாய் கட்டிய ரசீது மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். என் வண்டிக்கு அடுத்த தேதி ஜூலையில்தான் வருகிறது. ஆனாலும் வரும் மே மாதம் முகாம் நடக்குமானால் அன்றைக்கே கொண்டுவந்து நிறுத்துகிறேன், முதலில் என் வண்டிக்கு அடியில் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: காசிமேடு, சென்னை