கிடாரிகளுக்கும் கொஞ்சம் தீனி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடு வளர்ப்பில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். காளைக்கன்று வாங்கி, தேற்றி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்கும் கணக்கை விளக்கமாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தக் கன்றை ஈன்று கொடுக்கும் மாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் ஜொகூர் ரெங்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருப்பவள். என் மாமனார் காலத்திலிருந்து எங்களுக்கு மாடுதான் இரண்டாவது சம்பளம். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். ஆனாலும் வளர்ப்பது இறைச்சிக்குத்தான், அதை மறைக்க எதுவுமில்லை. இந்தத் தொழிலில் யாரும் கண்டுகொள்ளாத உயிர் கிடாரி, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பெண் மாடு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முன்பு எங்கள் பக்கம் அதிகம் இருந்தது கெடா-கிளந்தான் மாடு. சின்ன உடம்பு. கிடைத்ததைத் தின்று, அந்தப் புல்லிலேயே சினை பிடித்து ஈன்றுவிடும். பிறகு எடை வேண்டும் என்று பிராமன் என்ற பெரிய உடம்பு இனத்தின் கலப்புக்கு மாறினோம். மார்டி என்ற அரசாங்க வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பிராக்மாஸ்கூட பிராமனும் கெடா-கிளந்தானும் சேர்ந்த இனம்தான். நல்ல மாடுகள், குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இனத்தை மாற்றிய நாம் தீனியை மாற்றவில்லை. செம்பனை வளர வளர ஓலை மூடிக்கொண்டு வெயில் தரைக்கு வராது. இளம் செம்பனைகளுக்கு நடுவே படர்ந்த புல்லையும் கொடியையும் பத்து வயது மரத்தடியில் தேடினால் கிடைக்குமா? அங்கே பெரிய உடம்புக் கிடாரியை மேயவிட்டு, மூன்று வயதாகியும் பருவத்துக்கு வரவில்லை, மலட்டு மாடு என்று வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். பல நேரம் அது மலடே இல்லை, பசிதான்.

கிடாரியைக் காளைக்கு விட வயதைப் பார்த்தால் போதாது, எடையைப் பார்க்க வேண்டும். வளர்ந்த பசுவின் எடையில் 60 முதல் 65 விழுக்காடு வந்திருக்க வேண்டும். தாய் 400 கிலோ என்றால் மகள் 250 கிலோவாவது இருக்க வேண்டும். கெடா-கிளந்தானுக்கு 150, 160 கிலோ போதும். ஏழு மாதத்தில் பால் மறக்கும்போது 140 கிலோ இருக்கிற கலப்புக் கிடாரி, ஒன்றரை வயதில் 250-ஐத் தொட ஒரு நாளைக்கு மூன்றிலொரு பங்கு கிலோ கூடினால் போதும். காளையைக் கொழுக்க வைப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு மாதமும் தவறாமல் கூட வேண்டும். மழைக்காலத்தில் இளைத்து, அப்புறம் தேறி, மறுபடி இளைத்தால் ஒரு வருடம் வீணாகிவிடும்.

தொட்டியில் என்ன நடக்கிறது என்று ஒரு மாலை நின்று பாருங்கள். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கை (பி.கே.சி. என்போம்) கொட்டியதும் கிழட்டுப் பசுக்கள் தோளால் இடித்துக்கொண்டு முன்னே வந்துவிடும். கிடாரி இரண்டு வாய் எடுப்பதற்குள் விலாவில் ஒரு கொம்பு குத்தும். பின்னால் போய் நிற்கும். எல்லாம் முடிந்தபின் வந்து வெறும் தொட்டியை நக்கும். வைக்கிற நமக்கோ எல்லா மாட்டுக்கும் தீனி வைத்த நிம்மதி. கிடாரிகளைத் தனிப் பட்டியில் அடைப்பதற்கு நாலு கட்டையும் கொஞ்சம் கம்பியும்தான் செலவு. 150 கிலோ கிடாரிக்கு நறுக்கிய நேப்பியர் புல் சுமார் 15 கிலோ, பி.கே.சி. ஒரு கிலோ, நக்குவதற்குத் தாது உப்புக்கட்டி. நாங்கள் கொடுப்பது இதுதான். புல்லை ஆறு, ஏழு வாரத்தில் வெட்டிவிட வேண்டும். தண்டு முற்றினால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. சுலபமாகக் கிடைக்கிறதே என்று பி.கே.சி.யை அள்ளிக் கொட்டுவதும் தப்பு. கொழுப்பு மடியில் சேர்ந்தால் பின்னால் பால் குறையும், ஈனும்போதும் சிரமப்படும். இன்னொன்று, அந்தத் தொட்டிப் பக்கம் செம்மறி ஆட்டை விடாதீர்கள். பி.கே.சி.யில் இருக்கும் செம்புச் சத்து மாட்டுக்குத் தாங்கும், செம்மறிக்கு விஷம்.

தராசு இல்லையே என்பார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எடை நாடாவைப் பிடித்தால் ஏறக்குறைய எடை தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் ஒரே ஆள் அளந்து நோட்டில் எழுதினால் சரி.

காளைக்கன்றுகளையும் காலத்தோடு பிரித்துவிட வேண்டும். சில கன்றுகள் ஒரு வயதுக்குள்ளேயே வேலையைக் காட்டிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படிச் சினையான ஒரு குட்டிக் கிடாரி, இடுப்பு விரியாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தவித்தது. நாலு பேர் கயிறு போட்டு இழுத்தும் கன்று செத்துத்தான் வந்தது. தாய் எழுந்து நிற்கவே நாட்களானது. பொலிகாளையையும் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் அது தன் மகளையே சினையாக்கும்.

முதல் கன்று ஈன்ற பிறகுதான் பலரும் கையை விட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் அதற்கு அதிகம் தேவை. கன்றுக்குப் பால் கொடுக்க வேண்டும், தானும் இன்னும் வளர வேண்டும், அடுத்த சினைக்கும் தயாராக வேண்டும். அந்த வயதில் முன்பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும், முற்றிய புல்லைக் கடிக்கவும் கஷ்டம். அந்த நாலைந்து மாதம் கவனித்தால் இரண்டாவது கன்று காலத்தில் வரும்.

ஈனக்கூடிய பெண் மாட்டை அனுமதியில்லாமல் அறுக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. பட்டினி போட்டு மலடு என்று பெயர் வைத்தால் அந்த விதி எப்படிக் காப்பாற்றும்? இறைச்சி வேண்டுமென்று இந்தியாவிலிருந்து எருமை இறைச்சியை இறக்குகிறோம். நம் ஆலைகளில் வரும் பி.கே.சி. நியூசிலாந்துப் பால் மாடுகளுக்குக் கப்பலேறுகிறது. இங்கே கிடாரி வெறும் தொட்டியை நக்குகிறது. பார்க்க மனசு பொறுக்கவில்லை.

தோட்ட நிர்வாகங்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். உயர் அழுத்த மின்கம்பி போகும் பாதையில் செம்பனை நட முடியாது. லாலாங் என்ற களைப்புல் மண்டிக் கிடக்கும் அந்தத் துண்டு நிலங்களில், அடியோடு வெட்டி எடுக்கும் நேப்பியர் புல்லை நட எங்களைப் போன்ற மாட்டுக்காரர்களுக்கு, மின்வாரியத்தின் சம்மதத்தோடு, அனுமதி கொடுங்கள். வேலி நாங்களே போட்டுக்கொள்கிறோம். வாடகை கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒரு வாசகி,
ரெங்கம், ஜொகூர்