அம்மாவின் கைபேசியை மீட்டுத் தந்த மார்த்தாண்டத்து அண்ணனுக்கு நன்றி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அருகில், பெயர்கூடச் சொல்லாமல் அம்மாவின் பழைய கைபேசியை இயங்க வைத்துத் தந்த அண்ணனுக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். நெடுங்காலம் அலமாரியில் கிடந்த அந்தக் கைபேசியில், சார்ஜரை மாட்டியும் எந்த அசைவும் இல்லை. உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டு போய்விட்டது என்றே மற்றவர்கள் சொன்னார்கள். இவரோ பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஏறக்குறைய சுழியத்தைக் காட்டியபோது, மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் லித்தியம் பேட்டரியிலுள்ள பாதுகாப்பு மின்சுற்று தானே இணைப்பைத் துண்டித்துவிடும் என்றும், அதனால் பேட்டரியே செத்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும் பொறுமையாக விளக்கினார். பிறகு, மின்னழுத்தத்தை வேண்டிய அளவில் அமைத்து நேர் மின்சாரம் தரும் டிசி பவர் சப்ளை கருவியை 4.2 வோல்ட்டுக்கு மேல் போகாமல் அமைத்து, பிளஸ், மைனஸ் துருவங்களைச் சரிபார்த்து, மிகக் குறைந்த மின்னோட்டத்தைப் பேட்டரிக்கு நேரடியாகச் செலுத்தினார்; சூடேறுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தபடியே இருந்தார். 3 வோல்ட்டைத் தாண்டியதும் வழக்கமான சார்ஜரே மீதியைப் பார்த்துக்கொண்டது. "பயப்படாண்டாம் அம்மா, போட்டோ எல்லாம் உள்ளேதான் இருக்கும்" என்று அவர் சொன்னபடியே வளைகுடாவிலுள்ள தம்பியின் படங்கள் அனைத்தும் இருந்தன. துருவம் மாறினால் தீப்பிடிக்கலாம் என்பதால் வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன அவர், படங்களை நகலெடுத்ததும் புதிய பேட்டரி போட்டுவிடச் சொல்லி, கூலியை வாங்க மறுத்துவிட்டார்.