அப்பாவின் 33 நாள்: ஒரு நன்றி மடல்

உங்கள் எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வாய்ப்புற்று என்று ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. 'புண்ணு' என்றே பேசிக்கொண்டோம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் கவுன்சிலிங் செய்த மேடம்தான் அதை உடைத்தார். எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, "உங்களுக்கு என்னன்னு தெரியுமாய்யா?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "கேன்சர்தாம்மா. பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னு நான்தான் காட்டிக்கல" என்றாராம் அப்பா. அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து அழுதோம். அப்புறம்தான் ராத்திரித் தூக்கம் வந்தது. மேடம், உங்களுக்கு முதல் நன்றி.

அந்த மருத்துவமனையை 1954இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். அம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 33 முறை கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். முகத்தை அசையவிடாமல் வலை போன்ற மாஸ்க்கை மேசையோடு பூட்டுவார்கள். முதல் நாள் அப்பா மூச்சு முட்டிக் கையை ஆட்டிவிட்டார். திட்டாமல், "நூறு வரை எண்ணுங்க, அதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று தினமும் சொல்லி அனுப்பிய டெக்னீஷியன் தம்பி, அப்பா இப்போதும் ஊசிக்குப் பயந்தால் எண்ணத்தான் செய்கிறார்.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெந்துபோனது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கவும், ஐஸ்கிரீம் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பல்லுக்கிடையில் அடுக்கித் தாடையைத் திறந்து பழகவும் கற்றுத்தந்த நர்ஸம்மாவுக்கு நன்றி. அப்பா இன்று 14 குச்சியில் இருக்கிறார். (முள்சீத்தா இலையை அரைத்துக் குடித்தால் போதும், ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று போனில் சொன்ன சொந்தக்காரர்களுக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை.)

முதல் இரண்டு பயணத்துக்கும் முழு டிக்கெட் எடுத்தோம். எதிர்வீட்டு ரிட்டயர்டு ரயில்வே மாமா தலையில் அடித்துக்கொண்டார். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 100 சதவீதம், துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டாம். ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கவுண்டரில் கொடுக்கும்வரை அவர் விடவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் தோழர்கள் தங்கள் ஒரு நாள் கூலியை விட்டு, வருமானச் சான்றுக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் அலைந்தார்கள். அந்த அட்டை இல்லையென்றால் அம்மாவின் கம்மல்கூட மிஞ்சியிருக்காது.

கடைசியாக, அடையாறில் அறை வாடகைக்குத் தந்த அக்காவுக்கு. வாடகை பேசியபோது சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் காரமில்லாத அரிசிக்கஞ்சி காலை ஏழு மணிக்கெல்லாம் வாசலில் இருக்கும். கிளம்பிய அவசரத்தில் உங்கள் தூக்குவாளியை எங்கள் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டோம், அக்கா. அடுத்த செக்கப்புக்கு வரும்போது தருகிறோம். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதென்று அப்பா கடலைமிட்டாய் வாங்கி வைத்திருக்கிறார். அவரால் இன்னும் அதைக் கடிக்க முடியாது. உங்களுக்குத்தான்.