ரெஃபர் பண்ணப்புறம் போற நேரத்துக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வால்பாறைல யாருக்காவது நெஞ்சுவலின்னா அடுத்து என்ன நடக்கும்னு எஸ்டேட்ல எல்லாருக்கும் மனப்பாடம். உள்ளூர் ஆஸ்பத்திரி, அங்கருந்து பொள்ளாச்சி, அங்கயும் முடியலன்னா கோயம்புத்தூர். பொள்ளாச்சிக்கே 64 கிலோமீட்டர், ஆழியாறு எறங்குறதுக்குள்ள 40 கொண்டை ஊசி வளைவு, மழைன்னா மண்ணு சரிஞ்சு கெடக்கும், ராத்திரில யானை நிக்கும், இதுல வண்டி ஓட்டுற 108 டிரைவருங்கள நான் கும்பிடுறேன். ரோடு அப்படித்தான். ஆனா வண்டி கெளம்புறதுக்கு முன்னாடியே போற நேரம் இருக்கே, அதுக்காகத்தான் எழுதுறேன்.

எங்க பெரியப்பாவுக்கு ஈசிஜி எடுத்து மாரடைப்புன்னு உடனே சொல்லிட்டாங்க. அப்புறம் லெட்டர் எழுத நேரம், பெரிய ஆஸ்பத்திரில பெட் இருக்கான்னு எங்களையே போன் போட்டு கேக்க சொன்னாங்க, ஒருத்தர் எடுக்கல, எடுத்தவர் டூட்டி டாக்டர்ட்ட கேளுங்கன்னாரு, அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வேற கேஸுக்கு போயிடுச்சு. கீழ போய் சேர்ந்தா மறுபடியும் சீட்டு, மறுபடியும் ஈசிஜி. உயிர் பொழைச்சாரு, ஆனா இதயத்தோட பம்பிங் கொறைஞ்சு போச்சு, இனி தோட்ட வேலைக்கு போகக்கூடாதுன்னுட்டாங்க.

அடைப்பு வந்த நேரத்துலருந்து இதயத் தசை செத்துட்டே இருக்கும். 120 நிமிஷத்துக்குள்ள ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய் விட்டு ரத்தக்குழாய் அடைப்ப திறக்குறது) பண்ண முடியாதுன்னா ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய போட்டுட்டு அனுப்பணும், அனுப்புற கேஸ முதல் ஆஸ்பத்திரில 30 நிமிஷத்துக்கு மேல வைக்கக்கூடாதுன்னு டாக்டருங்களோட வழிகாட்டுதல்லயே இருக்கு. பக்கவாதம்னா இன்னும் கஷ்டம், 4.5 மணி நேரத்துக்குள்ள ஊசி போடணும், அதுவும் சி.டி. ஸ்கேன் பாக்காம போட முடியாது.

நம்ம மாநிலத்துக்கு இது தெரியாததும் இல்ல. தமிழ்நாட்டுலயே சின்ன ஆஸ்பத்திரிங்கள ஆஞ்சியோ வசதி உள்ள ஆஸ்பத்திரியோட இணைச்சு பாத்த ஆய்வுல, மாரடைப்பு வந்தவங்க ஒரு வருஷத்துக்குள்ள சாவுறது 17.6 சதவீதத்துலருந்து 14.2 ஆ கொறைஞ்சதுன்னு 2017ல வெளியாச்சு. ரோடு விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைய இலவசமா குடுக்குற 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021லருந்து இருக்கு, ரொம்ப நல்ல திட்டம், காசு கவலைய தீர்த்துச்சு.

அதே மாதிரி இதுக்கும் ஒரு உத்தரவு வேணும். பெட் கேக்குறது டாக்டருக்கு டாக்டர் பேசி முடிக்கிற வேலையா இருக்கணும், நோயாளி வீட்டுக்காரங்க வேலையா இருக்கக்கூடாது. ஈசிஜிய வண்டி கெளம்பும்போதே அந்தப்பக்கம் அனுப்பிடணும். எத்தன மணிக்கு வந்தாங்க, எத்தன மணிக்கு அனுப்பினாங்கன்னு ரெஃபரல் சீட்டுலயே எழுதி, ஆஸ்பத்திரி வாரியா மாசாமாசம் வெளியிட சுகாதாரத்துறைய கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வால்பாறை