பொறியியல் சேர்க்கைக் குழுவுக்கு: நான்கு வருடச் செலவையும் காட்டுங்கள்

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் குழுவினருக்கு வணக்கம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். ரிசல்ட் வந்ததும், கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சாய்ஸ் போட உதவி கேட்டு வீட்டுக்கு வருவார்கள். கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என்று கட்-ஆஃப் போடுவதும், போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனையில் முடிந்தது என்று பார்ப்பதும் அவர்களுக்கே அத்துப்படி. நீங்கள் அதையெல்லாம் வெளியிடுவதுதான் காரணம். ஆனால் கூட வரும் அப்பா கேட்பது வேறு: "நாலு வருஷத்துக்கும் சேத்து மொத்தமா எவ்வளவு சார் ஆகும்?"

இதற்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. அரசு அமைத்த கட்டணக் குழு தனியார் கல்லூரிகளுக்கு நிர்ணயித்த கல்விக் கட்டணம் தெரியும். முதல் பட்டதாரிக்கு அதில் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவருக்கு விடுதிச் செலவு உட்பட அரசே ஏற்கிறது. உதவி பெறும் பள்ளியிலும் சின்னத் தனியார் பள்ளியிலும் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. சேர்ந்த பிறகு பயிற்சி, பிளேஸ்மென்ட், சீருடை, லேப், பஸ் என்று ஒவ்வொன்றாக வருகிறது. பஸ், விடுதிக் கட்டணத்துக்கு உங்கள் கையேட்டில் இடமுண்டு. மற்றவை எங்கும் இல்லை.

லோடு ஏற்றும் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கும். ஊரே சொன்னது என்று தூரத்துத் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாள். முதல் வருடத்திலேயே பயிற்சிக் கட்டணம் கேட்டார்கள். கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்றார்கள். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. இரண்டு செலவையும் அருகருகே பார்த்திருந்தால் அந்த வீடு வேறு முடிவுகூட எடுத்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டே கூடுதல் பாடங்களாக 18 கிரெடிட் எடுத்து இன்னொரு துறையில் மைனர் என்ற துணைப் பட்டம் வாங்க வழி இருப்பதோ, டிஎன்பிஎஸ்சி பொறியியல் பணிகள் பெரும்பாலும் சிவில், எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு என்பதோ அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கல்லூரிகளிடம் இந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. கல்விக் கடனுக்குப் போனால் வங்கி முதலில் கேட்பதே நான்கு வருடக் கட்டண விவரச் சான்றுதான். லெட்டர்பேடில் வருடவாரியாக எழுதி, முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். வங்கிக்குச் சொல்வதைப் பெற்றவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லட்டும்.

அந்தச் சான்றை ஒவ்வொரு கல்லூரியிடமும், ஒவ்வொரு பிரிவுக்கும் வாங்கி, சாய்ஸ் போடும் திரையிலேயே கல்லூரிக் குறியீட்டுக்குப் பக்கத்தில் காட்டுங்கள். எல்லாத் தலைப்பும் அதில் இருக்க வேண்டும். அதற்கு மேல் வாங்கினால் கட்டணக் குழுவில் புகார் செய்ய அந்தப் பக்கமே சான்றாக நிற்க வேண்டும். மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் குழுவான ஏஐசிடிஇ சொல்லியிருப்பதையும், யாரிடம் முறையிடுவது என்பதையும் ஒதுக்கீட்டு ஆணையிலேயே தமிழில் அச்சிடுங்கள். ஒதுக்கீடு வந்தபின் உறுதி செய்யக் கிடைப்பது ஓரிரு நாள்தான். கூலிக்குப் போகிறவர் அதற்குள் எத்தனை கல்லூரிக்கு அலைந்து விசாரிப்பார்? அடுத்த கவுன்சலிங்குக்குள் இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியர்