முதல் சீசனை மறுபடி திரையிடும் மதுரைக் கல்லூரித் திரைப்பட மன்றங்களுக்கு

அன்புள்ள பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மார்வெலின் 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனை மறுபடி போடுவதாக இருந்தால் எங்கள் முதல் வேண்டுகோள் இது: 16ஆம் எபிசோடுக்கும் 17க்கும் நடுவில், அதே கதையுலகில் நடக்கும் 'கேப்டன் அமெரிக்கா: தி வின்ட்டர் சோல்ஜர்' படத்தைக் கட்டாயம் போடுங்கள். (புதிதாகப் பார்க்க வரும் மாணவர்களும் இருப்பார்கள். கதையின் முடிச்சு முழுக்க இதில் இருப்பதால் இந்த மடலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டாம்.)

அமெரிக்காவில் 16ஆம் எபிசோடு 2014 ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பானது. படம் 4ஆம் தேதி வந்தது, 17ஆம் எபிசோடு 8ஆம் தேதி. ஷீல்ட் என்ற உளவு அமைப்புக்குள்ளேயே அதன் எதிரி அமைப்பான ஹைட்ரா வளர்ந்திருப்பதைப் படம் வெளிப்படுத்துகிறது. அதே நேரத்தில், தொடரின் நாயகனான ஷீல்ட் ஏஜென்ட் கோல்சனின் குழு என்ன ஆனது என்பதுதான் 17. அதை முதலில் போட்டால் படத்தின் அதிர்ச்சி போய்விடும். படத்தை முன்கூட்டியே போட்டாலோ, கவிழப்போகும் அமைப்புக்காக எல்லாரும் நிம்மதியாக வேலை செய்வதைப் புதியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எபிசோடு சுமார் 43 நிமிடம், படம் 136 நிமிடம். மூன்றுக்கும் 222 நிமிடம். இரண்டு இடைவேளையோடு மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறேகாலுக்குள் முடிந்துவிடும். 8ஆம் எபிசோடுக்கு முன் 'தோர்: தி டார்க் வேர்ல்ட்' வேண்டுமா என்றால், தேவையில்லை. அந்தப் படத்தின் சண்டை முடிந்த இடத்தைச் சுத்தம் செய்வதில் தொடங்கும் எபிசோடு உடனே தன் வழியில் போய்விடுகிறது.

இரண்டாவது வேண்டுகோள்: மெதுவாகப் போகிறது என்று முதல் எபிசோடுகளை வெட்டாதீர்கள். மறுபடி பார்ப்பவருக்கு விருந்தே அங்கேதான். கோல்சன் குழுவில் இருக்கும் வார்டு, ஹைட்ராவுக்கு வேலை செய்யும் துரோகி என்று தெரிந்துகொண்டு 6ஆம் எபிசோடைப் பாருங்கள். சிட்டவுரி எனும் வேற்றுக்கிரக இனத்தின் வைரஸ் தொற்றிய குழு விஞ்ஞானி சிம்மன்ஸ், மற்றவர்களைக் காப்பாற்ற விமானத்திலிருந்து குதிக்கிறாள். மாற்று மருந்தோடு பாராசூட்டை மாட்டத் திணறுகிறான் அவளோடு வேலை செய்யும் ஃபிட்ஸ். வார்டு இரண்டையும் பறித்துக்கொண்டு பாய்ந்து, நடுவானில் அவளைப் பிடித்து ஊசி போடுகிறான். 21ஆம் எபிசோடில், ஃபிட்ஸ் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கெஞ்சக் கெஞ்ச, அதே இருவரையும் அறையோடு கடலில் தள்ளுபவனும் அவனேதான். இந்த இரண்டையும் பார்த்தால்தான் அந்தப் பாத்திரம் புரியும். 16இல், குழு தேடிய மர்ம வில்லன் என்று நம்பவைக்கப்பட்ட, சக்கர நாற்காலியில் இருக்கும் நாஷை அவன் சுடுவது, முதல் தடவை, முன்பு சுடப்பட்ட குழுத் தோழி ஸ்கைக்காக வந்த கோபமாகத் தெரியும். இப்போது, உண்மை வில்லனும் தன் ரகசியத் தலைவனுமான காரெட்டைக் காப்பாற்றும் வேலை என்று தெரியும்.

கூடத்து ஏற்பாடுகள். வீட்டுச் சந்தாவைக் கொண்டு பொதுக்கூடத்தில் திரையிடக் கூடாது, உரிமையாளரிடம் முன்பே எழுதி அனுமதி வாங்குங்கள். பழைய புரொஜெக்டரில் லேப்டாப்பை வி.ஜி.ஏ. மாற்றியோடு இணைத்தால் சத்தம் வரும், படம் கறுப்பாகவே நிற்கும். கேபிள் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், எச்.டி.சி.பி. எனும் நகல் தடுப்புதான் காரணம். அதை ஏற்கும் புரொஜெக்டரில் எச்.டி.எம்.ஐ. நேரடியாகக் கொடுங்கள். ஃபிட்ஸின் ஸ்காட்லாந்து உச்சரிப்புக்கும், அவனும் சிம்மன்ஸும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசுவதற்கும் சப்டைட்டில் அவசியம். தரை சமமான கூடத்தில் திரையின் அடி விளிம்பு குறைந்தது நான்கு அடி உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் எழுத்தை மறைக்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைத் தேதி குறிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு வைத்த புரொஜெக்டர் என்றால் யு.பி.எஸ்.ஸில் போடுங்கள், கரண்ட் சட்டென்று போனால் உள்ளே மின்விசிறியும் நின்று, சூடு தணியாமல் விளக்கின் ஆயுள் குறையும். சித்திரைத் திருவிழா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். எதிர்சேவை அன்று தல்லாகுளம் பக்கம் வண்டி நகராது.

எபிசோடு முடிந்தது போலத் தெரிந்ததும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். கடைசியில் ஒரு சின்னக் காட்சி வரும். 2ஆம் எபிசோடில் ஷீல்டின் இயக்குநர் நிக் ஃப்யூரி வந்து கோல்சனைத் திட்டுவது அங்கேதான்.